மெர்ல் ஹாடிக்ஸின் இரவல் மூக்கு

மெர்ல் ஹாடிக்ஸ் பிறக்கும்போது கொண்டுவந்த மூக்கு எப்படி இருந்தது என்று சொல்ல இன்றைக்கு ஹாலிவுட்டை ஒட்டிய பர்பாங்கில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அவன் மனைவி டோரீன். சின்ன மூக்கு, நுனி லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கும், சிரிப்பு வந்தால் முதலில் அதுதான் சிரிக்கும் என்பாள். கேட்பவர்கள் மெர்லின் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு, பாவம் இவளுக்கும் வயதாகிவிட்டது என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த முகத்தின் நடுவில் இப்போது சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பது பெரிய கத்தரிக்காய் அளவில் ஒரு மூக்கு. தொலைக்காட்சி வைத்திருந்த வீடெல்லாம் அறிந்த மூக்கு.

மெர்லின் அப்பா ஒஹையோவில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கடையில் உட்காரச் சொன்னால் நடிக்கப் போகிறேன் என்று கிளம்பி வந்தவன், இங்கே வருகிற எல்லோரையும் போல நடிப்பைத் தவிர மற்ற எல்லா வேலையும் பார்த்தான். ஓட்டல் வாசலில் பணக்காரர்களின் காரை வாங்கி நிறுத்தினான். கல்யாண மண்டபங்களில் நாற்காலி தூக்கினான். பற்பசை விளம்பரம் ஒன்றில், பல் தெரியாத தூரத்தில் நின்றான். பள்ளிப் பேருந்துகளை எந்தத் தெருவுக்கு எந்த வண்டி என்று ஏவும் அலுவலகத்தில் இருந்த டோரீனை அந்தக் காலத்தில்தான் ஒரு காபிக் கடையில் பார்த்துச் சிரிக்கவைத்தான். அவள் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. சிரித்த குற்றத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள்.

அவனுக்கு இருந்த ஒரே குறை முகம். விகாரமான முகமாக இருந்திருந்தாலும் இந்த ஊரில் பிழைத்துக்கொள்ளலாம், வில்லன் வீட்டுக் காவலாளி வேடமாவது கிடைக்கும். அவனுடையது பார்த்த மறுநிமிடம் மறந்துபோகிற முகம். நடிகர் தேர்வு முடிந்து வெளியே வந்து, மறந்து வைத்த கார் சாவியை எடுக்கத் திரும்ப உள்ளே போனால், "புதுசா வந்தவங்க அந்த வரிசையில நில்லுங்க" என்பார்கள். அவனும் போய் நின்றிருக்கிறான், இன்னொரு தடவை நடித்துக் காட்டலாமே என்று.

அப்படி ஒரு நாள் இரண்டாவது தடவை நின்ற வரிசையில்தான் பம்ப்ரி வேடம் கிடைத்தது. பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் நடக்கும் நகைச்சுவைத் தொடர். குளிர்காலத்தில் வீடுகளுக்குச் சூடு அனுப்புகிற கொதிகலனை நிலவறையில் இருந்து பார்க்கிற ஆள் பம்ப்ரி. மாடியில் எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்தாலும் கையில் குழாய் முடுக்குகிற ரெஞ்சோடு கதவைத் திறந்துகொண்டு நுழைந்து, "சூடு குறைஞ்சா சொல்லியனுப்புங்க!" என்பான். இதற்குச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஏன் என்று என்னைக் கேட்கக் கூடாது, நானும் சிரித்தேன்.

தயாரிப்பாளர் முதல் நாளே உதட்டைப் பிதுக்கினார். "நடிப்பெல்லாம் சரி. மூஞ்சி எங்கப்பா? தேட வேண்டியிருக்கே." ஒப்பனை அறைக்கு ஆள் போய், ரப்பரில் ஒரு மூக்கு தயாரானது. தினமும் காலையில் பசை போட்டு ஒட்டி, சாயங்காலம் உரித்து எடுப்பார்கள். மூக்கு ஒட்டிய நாளிலிருந்து மெர்லுக்கு ஏறுமுகம். பம்ப்ரி போட்ட சட்டை, பம்ப்ரி படம் போட்ட காபிக் குவளை, குழந்தைகளுக்கு பம்ப்ரி ரெஞ்சு என்று கடை கடையாக விற்றது. பல வருஷம் ஓடி, கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை தொடர் நின்றது. கேக் வெட்டினார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு ஒப்பனைக்காரப் பெண் மூக்கை உரித்து, துடைத்து, பெட்டியில் போட்டு மூடினாள். பெட்டி ஸ்டுடியோவுடையது.

அடுத்த வாரம் மெர்ல் சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான். பின்னால் ஒரு அம்மாள், மார்பு முழுக்க பம்ப்ரியின் முகம் அச்சடித்த சட்டை போட்டிருந்தாள். மெர்ல் ஆசையாகத் திரும்பிப் புன்னகைத்தான்.

"என்னய்யா பல்லைக் காட்டறே? முன்னாடி நகரு, வரிசை போய்க்கிட்டிருக்கு பாரு" என்றாள் அவள்.

ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். சாப்பிடவில்லை. மறுவாரம், ஓர் அவசரப் படப்பிடிப்பு என்று பொய் சொல்லிவிட்டு, பெவர்லி ஹில்ஸில் உள்ள ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடம் போய்விட்டான். அந்த டாக்டர் மூக்கின் மேல் விரலை வைத்தார்.

"மிஸ்டர் ஹாடிக்ஸ், இந்த ஊர்ல எல்லாரும் என்கிட்ட மூக்கைக் குறைக்கத்தான் வருவாங்க. பெருசாக்கிக் குடுங்கன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

"இதே மாதிரி வேணும் டாக்டர்" என்று மெர்ல் பம்ப்ரி படம் போட்ட குவளையை மேசைமேல் வைத்தான். விலா எலும்பிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைத்துத் தைத்தார்கள்.

கட்டோடு வீடு வந்தவனைப் பார்த்து டோரீன் பதறிப்போனாள். படப்பிடிப்பில் விபத்தாம், ஒன்றுமில்லையாம். கட்டுப் பிரிக்கிற நாளில்தான் உண்மை தெரிந்தது.

"நான் கட்டிக்கிட்ட ஆளு எங்க மெர்ல்?"

"இதோ நிக்கறேனே. டிவியில பாத்துப் பாத்துச் சிரிப்பியே, அந்த ஆளு."

"டிவியைப் பாத்துச் சிரிச்சேன்யா. அதைக் கட்டிக்கிட்டா வந்தேன்?"

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆள் செத்துப்போயிருந்தால் ஊர் வந்து துக்கம் கேட்டிருக்கும், இதற்கு யாரிடம் போய்ச் சொல்வது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. விட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். போகவில்லை. குரல் பழைய குரலாகத்தான் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டால் சமாளிக்கலாம் என்று இருந்துவிட்டாள்.

அதன் பிறகு மெர்ல் நன்றாகத்தான் பிழைத்தான், அதைச் சொல்லாமல் விட முடியாது. விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டல்களில் பழைய தொடர்களின் ரசிகர்கள் கூடுகிற விழாக்கள் நடக்கும். மடக்கு மேசை போட்டு, பின்னால் திரைச்சீலை தொங்கவிட்டு, வரிசையில் வருகிறவர்களுக்குக் காசுக்குப் படத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவான். யாராவது தயங்கித் தயங்கி, "சார், அந்த மூக்கு ஒரிஜினலா?" என்று கேட்டால், "தொட்டுப் பாருங்க" என்பான். தொட்டுப் பார்த்துவிட்டுப் பூரித்துப் போவார்கள். மெத்தைக் கடை திறப்பு, கொதிகலன் கம்பெனியின் ஆண்டு விருந்து, எல்லாவற்றுக்கும் பம்ப்ரிதான். பழைய முகம் தெரிகிற படங்கள் வீட்டில் இருந்தால் தொழிலுக்கு ஆகாது என்று ஒரு நாள் எல்லாவற்றையும் எடுத்துக் குப்பையில் போட்டான். கல்யாணப் படத்தையும் சேர்த்துத்தான். டோரீன் வேலையிலிருந்து திரும்பி வருவதற்குள் குப்பை வண்டி போய்விட்டது. அவள் அவனோடு ஒரு மாதம் பேசவில்லை. அவனுக்கு அது உறைத்ததா என்று தெரியவில்லை, அந்த மாதம் அவனுக்கு விழாக்கள் அதிகம்.

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. அதற்குள் ஸ்டுடியோவைப் பெரிய கம்பெனி ஒன்று விழுங்கியிருந்தது. அந்தக் கம்பெனி தன் அலமாரியில் கிடந்த பழைய தொடர்களையெல்லாம் தூசி தட்டி, பம்ப்ரி பெயரில், தோசை மாதிரி சுட்டுச் சர்க்கரைப் பாகு ஊற்றித் தரும் பேன்கேக் கடைகள் திறந்தது. பக்கத்து ஊர் கிளென்டேலில் திறந்த கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெர்லும் டோரீனும் போனார்கள். தன்னை வாசலிலேயே அடையாளம் கண்டு, உள்ளே கூட்டிப்போய் இலவசமாகச் சாப்பாடு போடுவார்கள் என்பது மெர்லின் கணக்கு. வாசலில் ஏற்கெனவே ஒரு பம்ப்ரி நின்றுகொண்டிருந்தான். ஆளுயரப் பொம்மை. கையைத் தூக்கும், கண்ணை உருட்டும், யாரோ ஒருவனுடைய குரலில், "சூடு குறைஞ்சா சொல்லியனுப்புங்க!" என்று கத்தும். குழந்தைகள் அதன் மூக்கைப் பிடித்துத் தொங்கின.

கடைப் பையன் மெர்லைப் பார்த்து, "சூப்பர் சார், எங்க பொம்மை மாதிரியே மாஸ்க் போட்டுட்டு வந்திருக்கீங்க" என்றான்.

அந்த இடத்தில்தான் வழக்கு பிறந்தது.

மெர்லுக்குக் கிடைத்த வக்கீல் யோலாண்டா கெட்டிக்காரி, வேகமாகப் பேசுவாள். "கலிஃபோர்னியாவுல உங்க மூஞ்சி உங்க சொத்து மிஸ்டர் ஹாடிக்ஸ். உங்களைக் கேக்காம அதை வாசல்ல நிறுத்தி எவனும் யாவாரம் பண்ண முடியாது" என்றாள். மெர்ல் குளிர்ந்துபோனான். கம்பெனியிலிருந்து வந்த பதிலைப் பார்த்ததும் ஜுரமே வந்துவிட்டது. பம்ப்ரி என்ற பாத்திரம் முழுக்கக் கம்பெனியின் சொத்து. பெயர், தொப்பி, ரெஞ்சு, வசனம், மூக்கு எல்லாம் அதில் அடக்கம். மெர்ல் முகத்தில் இருப்பது அந்த மூக்கின் அனுமதியில்லாத நகல். இத்தனை வருஷம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிப் பிழைத்ததற்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும், இனிமேல் காட்டவும் கூடாது.

"என் மூக்கை நான் காட்டக் கூடாதா?" என்று மெர்ல் சமையலறையில் நின்று கத்தினான். "வெளிய போறப்ப கர்சீப் கட்டிக்கிட்டுப் போகணுமா?"

"கட்டிக்கோயேன்" என்றாள் டோரீன். "நான் இத்தனை வருஷமா கண்ணை மூடிக்கிட்டுத்தானே இருக்கேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு மனசு கேட்கவில்லை. மேசையும் வரிசையும் போய்விட்டால் இவனிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

நீதிமன்றம் ஏறுவதற்கு முன்னால், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நடுவில் உட்காரவைத்துப் பேசிப் பார்ப்பது இந்த ஊர் வழக்கம். செஞ்சுரி சிட்டியில் உயரமான கட்டடத்தில் கண்ணாடி அறை. டோரீனும் கூட வந்திருந்தாள். கம்பெனியின் வக்கீல் லூமிஸ், அதிர்ந்து பேசாத மனிதர், சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கிற ரகம். கிளென்டேல் பொம்மையைச் சக்கர வண்டியில் வைத்து உள்ளே தள்ளி வந்து நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் பொம்மையைப் பராமரிக்கிற ஆள்.

"மிஸ்டர் ஹாடிக்ஸ், இந்தப் பொம்மையில எது உங்களோடது?" என்று லூமிஸ் ஆரம்பித்தார்.

"மூக்கு!" என்றான் மெர்ல். யோலாண்டா மேசைக்கடியில் அவன் காலை மிதிப்பதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"நல்லது. அந்த மூக்கைச் செஞ்சது யாரு?"

"ஸ்டுடியோவுல... ஒப்பனை ரூம்ல."

"இப்ப உங்க மூஞ்சில இருக்கறது?"

"இது டாக்டர் வெச்சது."

"எதைப் பாத்து வெச்சார்?"

மெர்ல் தண்ணீர் குடித்தான். யோலாண்டா குறுக்கே புகுந்தாள். "மனுஷன் மூஞ்சில இருக்கற சதைக்குக் கம்பெனி பட்டா கேக்குமா? எந்த ஊரு நியாயம் சார் இது?"

"தானா வளர்ந்திருந்தா கேக்க மாட்டோம் மேடம். இது எங்க சரக்கைப் பாத்து வெச்சது."

"சரி, மூக்கை நீங்களே வெச்சுக்கோங்க. மிச்ச முகம்? கன்னம், தாடை, நெத்தி? அதெல்லாம் எங்க கட்சிக்காரரோடது."

லூமிஸ் பொம்மையைக் கனிவோடு பார்த்தார். "மூக்கு இல்லைன்னா அது யாருமே இல்ல. தெருவுல போற எந்த ஆளுக்கும் பொருந்தற மூஞ்சி. வேணும்னா பாத்துடலாமே." பராமரிப்பு ஆளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

குழந்தைகள் அப்புகிற சர்க்கரைப் பாகைக் கழுவுவதற்காக அந்த மூக்கைக் கழற்றி மாட்டுகிற மாதிரிதான் செய்திருந்தார்கள். அந்த ஆள் இரண்டு கையாலும் பிடித்துத் திருகினான். மூக்கு கையோடு வந்தது. அடியில் இன்னொரு மூக்கு இருந்தது. சின்ன மூக்கு, நுனி இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

லூமிஸின் சிரிப்பு அப்படியே நின்றது. மெர்ல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தான்.

"இது யாரு?" என்றான்.

லூமிஸுக்கு உயிர் வந்தது. "எல்லாரும் கேட்டுக்கோங்க. வழக்குப் போட்டவரே யாருன்னு கேக்கறார்!"

"அட பாவி மனுஷா, அது நீதான்யா!"

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டோரீன் எழுந்துவிட்டாள். யாரும் தடுப்பதற்குள் பொம்மையின் பக்கத்தில் போய் அதன் கன்னத்தில் கையை வைத்தாள். கை தானாகவே அந்தச் சின்ன மூக்கின் நுனிக்குப் போயிற்று. இனி எங்கேயும் பார்க்க முடியாது என்று அவள் நினைத்திருந்த முகம், சுருக்கம்கூட இல்லாமல், காபிக் கடையில் பார்த்த மாதிரியே நின்றுகொண்டிருந்தது.

"இதுக்குள்ள இது எப்படி வந்தது?" என்று நீதிபதி கேட்டார்.

பராமரிப்பு ஆள் தலையைச் சொறிந்தான். "ஒப்பனை ரூம்ல நடிகருங்க மூஞ்சிக்குப் பிளாஸ்டர்ல அச்சு எடுத்து வெச்சிருப்பாங்க சார். ரப்பர் மூக்கெல்லாம் அதுமேல வெச்சுத்தான் செய்வாங்க. ஸ்டோர்ல இவரு பேர் போட்டு ஒண்ணு கிடந்தது. பொம்மைக்குப் புதுசா எதுக்குச் செதுக்கணும்னு அதுலயே வார்த்துட்டோம்."

லூமிஸ் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வேலை போனது தெரிந்தது. யோலாண்டா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். இனி வாதாட என்ன இருக்கிறது? பேர் எழுதி வைத்த அச்சில் வார்த்த முகம். அதை மெர்ல் ஹாடிக்ஸ் இல்லை என்று எந்த ஜூரியிடம் போய்ச் சொல்வார்கள்?

லூமிஸ் வெளியே போய் நெடுநேரம் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். வரும்போது பழைய சிரிப்பும் திரும்பியிருந்தது.

"ரெண்டு வழி இருக்கு மிஸ்டர் ஹாடிக்ஸ். ஒண்ணு, முகம் உங்களோடதுதான்னு ஒத்துக்கறோம். பொம்மைங்க எல்லாத்தையும் எடுத்துடறோம், நஷ்ட ஈடு தர்றோம், அந்த அச்சையும் உங்ககிட்டயே குடுத்துடறோம். ஆனா மூக்கு எங்களோடது. மெர்ல் ஹாடிக்ஸா நீங்க எங்க வேணும்னாலும் போங்க. பம்ப்ரியா எங்கயும் போய் உக்காரக் கூடாது."

"இன்னொண்ணு?" என்றான் மெர்ல்.

"முகத்தை எங்களுக்கு எழுதிக் குடுத்துடுங்க. மூக்கை நீங்க ஆயுசுக்கும் வெச்சுக்கலாம், எங்க அனுமதியோட. எந்தக் கடை திறந்தாலும் நீங்கதான் ரிப்பன் வெட்டுவீங்க, பொம்மை பக்கத்துல நின்னு."

"மொதல்ல சொன்னது" என்றாள் டோரீன். "மெர்ல், மொதல்ல சொன்னதைச் சொல்லு. நமக்கு அது போதும்."

யோலாண்டாவும் அதைத்தான் சொன்னாள். மெர்ல் இருவரையும் பார்க்கவில்லை.

"ரிப்பன் வெட்டறப்ப ஜனம் நிறைய வருமா?" என்று லூமிஸைக் கேட்டான்.

"தெருவையே அடைச்சுக்கிட்டு நிக்கும்."

"மெர்ல், என்னைப் பாரு."

"மெர்ல் ஹாடிக்ஸைப் பாக்க எவன் வருவான் டோரீன்?"

"நான் வருவேன்யா!"

"நீ வருவே" என்றான் மெர்ல், அன்பாகத்தான். அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. பேனாவை வாங்கி, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். வருஷக்கணக்காக மடக்கு மேசையில் போட்டுப் பழகிய கை, வேகமாக ஓடியது.

டோரீன் லூமிஸ் இருந்த பக்கத்துக்குப் போனாள். அந்த மாதிரி ஆளிடம் கெஞ்சுகிறோமே என்று அவளுக்கே கூசியது.

"சார், பொம்மை, கடை, மூக்கு எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்கோங்க. அந்தப் பிளாஸ்டர் அச்சை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. வீட்டுல ஒரு படம்கூட இல்ல. யார்கிட்டயும் காட்ட மாட்டேன்."

லூமிஸ் நிஜமாகவே வருத்தப்பட்டார், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "மன்னிச்சுக்கோங்க மேடம். கொஞ்சம் முன்னாடி உங்க வீட்டுக்காரரைக் கேட்டிருந்தா கிடைச்சிருக்கும். இப்ப அது எங்களோடது."

டோரீன் திரும்பிப் பார்த்தாள். பராமரிப்பு ஆள் பெரிய மூக்கைப் பழையபடி மாட்டித் திருகி இறுக்கியிருந்தான். மெர்ல் அதற்குள் பொம்மையின் தோளில் கையைப் போட்டு நின்று, எந்தப் பக்கம் திரும்பினால் மூக்கு படத்தில் நன்றாக விழும் என்று, கம்பெனி வரவழைத்திருந்த புகைப்படக்காரனைக் கேட்டுக்கொண்டிருந்தான்.